என் வீட்டு முற்றத்தில் ஏறிய அண்டா

பெரிய வெள்ளிக்குக் கிராஃபிஷ் என்கிற சேற்று இறால் அவிக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும், என் கணவர் டட்லி கையிலிருந்த தூண்டில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, யார் வீட்டில் என்று கேட்டார். நம் வீட்டில்தான் என்றேன். அவிக்கிறது யார் என்றார். நான்தான் என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் அண்டா என்றால் என் அண்ணன் அல்சீட்தான். முப்பது வருஷமாக அவர் அவிப்பார், நாங்கள் தின்போம். லூசியானாவில் பிறந்து ஐம்பத்தோரு வயது ஆகியும் ஒரு கிராஃபிஷைக்கூட நான் வெந்நீரில் போட்டது கிடையாது. தின்னத் தெரியும், அதில் குறை சொல்லத் தெரியும். அவ்வளவுதான் என் படிப்பு.

போன வருஷம் பெரிய வெள்ளிக்கு அண்ணன் வீட்டு மேசையில் கொட்டிய கிராஃபிஷ் உப்புக் கரித்தது. கொஞ்ச நஞ்சமல்ல, நாக்கு தடித்துப் போகும் அளவுக்கு. எங்கள் சித்தப்பா மகன் கர்லிக்கு வாயில் பூட்டே கிடையாது. கடல் தண்ணீரை அண்டாவில் ஊற்றிக் காய்ச்சினீரா என்று கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, மறைப்பானேன். அண்ணன் கையில் இருந்த, அண்டா கிளறுகிற துடுப்பை வீசிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. என் பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றும் வரவில்லை. நான்கு மைலில் இருக்கிறார், தனிக்கட்டை, எனக்கென்று இருக்கிற ஒரே கூடப்பிறப்பு. எப்படி இருக்கும் எனக்கு?

மாசியில் நானே போய்க் கெஞ்சினேன். இந்த வருஷம் என் வீட்டில், நானே அவிக்கிறேன், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்றேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"வர்றேன், ஓடில். ஆனா அண்டாகிட்ட என்னைக் கூப்பிடக் கூடாது. ருசி பாருங்கன்னு எவனும் கரண்டிய நீட்டக் கூடாது. நீட்டினா எழுந்து போயிடுவேன்."

சொல்லிவிட்டு அண்டா, அடுப்பு, துடுப்பு மூன்றையும் என் வண்டியில் ஏற்றிவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் துடுப்பை இன்னொருவன் தொட்டாலே முறைக்கிற மனிதர் இவர். கோபம் தீர்ந்துவிட்டதா, இல்லை என்னை ஊர் முன்னால் விழவைத்து வேடிக்கை பார்க்கப் போகிறாரா?

வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பது பேருக்கு ஒரு மூட்டை, முப்பத்தைந்து பவுண்டு. காலையில் வந்து இறங்கியதிலிருந்து மூட்டைக்குள் சரசரவென்று ஒரே நடமாட்டம். கோவிலில் சிலுவைப்பாதை முடிந்து மூன்று மணிக்கெல்லாம் கர்லி வந்துவிட்டான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். அன்று எனக்குக் கிடைத்த யோசனைகளுக்குக் கணக்கே இல்லை.

சேறு கக்க வேண்டுமானால் உப்புத் தண்ணீரில்தான் ஊறப்போட வேண்டும் என்று கர்லி சொன்னான். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள், வாங்கி வைத்திருந்த மூன்று பெட்டி உப்பையும் கழுவுகிற தொட்டியில் கொட்டிவிட்டான். பக்கத்து வீட்டு ரோவீனா அக்கா வேலியைத் தாண்டிக் குதிக்காத குறையாக ஓடி வந்தாள். அதெல்லாம் மூடநம்பிக்கை, உப்பு பட்டால் செத்துப்போகும், வெறும் தண்ணீரில் அலசு என்று தொட்டியைச் சாய்த்துவிட்டாள். இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. நடுவில் என் மருமகன், கொதி வந்தபின் மூன்று நிமிஷம் என்றான். டட்லி பத்து நிமிஷம் என்றார். அடுப்பை அணைத்தபின் இருபது நிமிஷம் ஊற வேண்டும் என்று ஒருத்தர், ஊறினால் ஓட்டை உரிக்க வராது என்று இன்னொருத்தர். நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணிக்கு அண்ணனின் வண்டி வந்தது. அவர் தொப்பியைத் தொட்டுப் பொதுவாக ஒரு வணக்கம் வைத்தார். நேராகப் பீக்கன் மரத்தடிக்குப் போய், அண்டாவைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்தடி தூரம். அசையவில்லை. என் பேத்தியை மட்டும் மடியில் வாங்கிக்கொண்டார். இந்த மனிதர் சாப்பிட்டு முடித்து, சிரித்த முகமாக இந்த வாசலை விட்டுப் போக வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் மாதாவே என்று வேண்டிக்கொண்டேன்.

தண்ணீர் கொதித்தது. எலுமிச்சை, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டேன். புட்டியில் வருகிற கார மசாலாத் தண்ணீரை ஊற்றினேன். முகத்தில் ஆவி அடித்து எல்லோரும் தும்மினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் உப்புப் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. கர்லி தொட்டியில் கொட்டியது அந்தக் களேபரத்தில் மறந்தே போய், டட்லி அண்டாவில் போட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் போட்டிருப்பேன் என்று டட்லி நினைத்துக்கொண்டார். கிராஃபிஷைக் கொட்டினேன். கொதி வந்தது.

இப்போது அணைப்பதா வேண்டாமா? அணை என்றது ஒரு குரல், இன்னும் கொஞ்சம் என்றது இன்னொன்று. எனக்குத் தலை கால் புரியவில்லை. பதற்றத்தில் என் கால் தானாக மரத்தடிக்கு நடந்தது. அண்டாவிலிருந்து அள்ளிய கரண்டியை அண்ணன் வாய்க்கு நேராக நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் அவர் போட்ட நிபந்தனை உறைத்தது. பாவி, கெடுத்தாயே என்று எனக்குள்ளேயே அலறினேன்.

முற்றம் முழுக்க எங்களைப் பார்த்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். பிறகு வாங்கி உறிஞ்சினார்.

"சரியா இருக்கு. அடுப்ப அணை."

அல்சீட் சரி என்றால் சரிதான். மறுபேச்சு கிடையாது. அணைத்தேன், இருபது நிமிஷம் ஊறவிட்டேன், செய்தித்தாள் விரித்த மேசையில் நானும் டட்லியுமாகக் கொட்டினோம். சிவப்பாக ஆவி பறந்தது. நான் முதல் வாலை உரித்து வாயில் போட்டேன்.

காரம் இருந்தது. எலுமிச்சை இருந்தது. உப்பு இல்லை. குறைவு என்று சொல்வதற்கில்லை, பேருக்குக்கூட இல்லை.

மேசையைச் சுற்றி எல்லாத் தாடையும் நின்றுபோனது. அண்ணன் மட்டும் தலையைக் கிள்ளி உறிஞ்சி, வாலை உரித்து, நெற்றி வியர்க்க ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருக்கு, ஓடில்," என்றார்.

குத்திக் காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருஷம் சிரித்தாயே, இப்போது தின்னு என்கிறார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் முகத்தில் கேலி இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் அவர் எங்கள் முகங்களைத்தான் பார்த்தார். நாங்கள் எப்படி மெல்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் மென்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னால் அவர் காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்தார். எழுந்து வந்து அவித்த முதல் அண்டாதான் அந்தக் கரித்த அண்டா. அன்று கொட்டிய உப்பும் இன்று இல்லாத உப்பும் அவருக்கு ஒன்றுதான். ருசி போன நாக்கில் காரம் எரிவது மட்டும் தெரிகிறது. இந்த மனிதரைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம்.

கர்லி வாயைத் திறந்தான். "என்ன அல்சீட், இந்த வருஷ உப்பையும் போன வருஷமே சேத்து..."

"நான்தான்," என்றேன். எழுந்தே நின்றுவிட்டேன். "அண்ணன் ருசி பாக்கறப்ப உப்பு சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க எல்லாம் மேசைப் பக்கம் போனப்ப அண்டாவுல தண்ணி குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுதா, பச்சத்தண்ணிய அள்ளி ஊத்திட்டேன்."

மேசை அதிரச் சிரித்தார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ரோவீனா அக்கா ஆரம்பித்துவிட்டாள். இனி சாகும்வரை எனக்குப் பச்சத்தண்ணி ஓடில் என்றுதான் பெயர் என்று டட்லியே சொன்னார். சொல்லட்டும்.

சிரிக்காதவர் அண்ணன் ஒருவர்தான். அவர் கை பாதி உரித்த வாலோடு நின்றிருந்தது. பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கண் இமைக்காமல் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை என்று அவருக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும். இப்போது எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன்.

"எத்தன வாளிம்மா ஊத்தின, ஒண்ணா ரெண்டா?" என்றான் கர்லி.

"மூணு," என்றார் அண்ணன். "வேண்டாம் வேண்டாம்னு கத்தினேன். கேக்கணுமே."

மறுபடி சிரிப்பு. நான் சமையலறைக்கு ஓடி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு உப்புக் குப்பியை எடுத்து வந்து ஒவ்வொருவர் முன்னாலும் தூவிக்கொண்டே போனேன். அண்ணனிடம் வந்ததும் என் கை தயங்கியது. அவர் தன் முன்னால் இருந்த குவியலை என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கும் போடு," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "எவ்வளவுன்னு நீயே பாத்துக்கோ. இனிமே எனக்குத் தெரியாது."

நான் ஒரு கிராஃபிஷை எடுத்து, உரித்து, உப்புத் தூவி, முதலில் என் வாயில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதே அளவு அவருக்கும் போட்டேன்.