ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய இங்கிலிஸ்

யேசுரட்ணம் லைப்ரரியில் இங்கிலிஸ் படிக்கப் போனது ஒரு தமிழனோடு கதைப்பதற்காக. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை, மனைவி பெனிற்றாவைத் தவிர. பெனிற்றா சிரித்தாள்.

அந்தத் தமிழன் ஞானேஸ்வரன். நோர்பரியில் மரக்கறியும் மீனும் அரிசியும் விற்கிற கடையின் முதலாளி. யேசுரட்ணம் அங்கே பின்பக்கம். லொறி இறக்குவான், மூட்டை அடுக்குவான், மீன் வெட்டுவான். முதலாளி வயதில் அவனைவிட இளமைதான். ஆனால் கடை அவருடையது, ஆகையால் அவர் அண்ணை. ஒருநாள் யேசுரட்ணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது தன்ரை காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினவர். அப்படிப்பட்ட மனிசனிடம் எந்த வாயால் லீவு கேட்பது?

கேட்காமலும் முடியவில்லை. அவனுக்குச் செவ்வாய் லீவு. பெனிற்றா ஒஃபீஸ்கள் துப்பரவாக்குகிறவள், அவளுக்கு ஞாயிறு மட்டும். மற்ற நாளெல்லாம் அவன் வீட்டுக்குள் வர அவள் வெளிக்கிடுவாள். கலியாணம் கட்டின காலத்தில் பாதியை இருவரும் வாசற்கதவடியில்தான் வாழ்ந்தார்கள், ஒருவர் சப்பாத்துக் கழற்ற மற்றவர் சப்பாத்துப் போட. ஞாயிற்றுப் பூசைக்கும் அவள் தனியத்தான் போனாள். மாதா கோயிலில் இரண்டொரு பெண்கள் அவளை விதவை என்று நினைத்து இரக்கப்பட்டுக் கேக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கேக்கை யேசுரட்ணமும் சாப்பிட்டான்.

தமிழில் கேட்டுப் பார்க்காமல் இல்லை. "அண்ணை" என்று தொடங்குவான்.

"என்ன யேசு, ஞாயிறு கொஞ்சம் வெள்ளன வாறியோ? மீன் வருது."

"ஓம் அண்ணை."

அந்த "அண்ணை"க்குப் பிறகு அவன் வாயில் வேறு சொல் வருவதில்லை.

செவ்வாய் தோறும் லைப்ரரியில் இங்கிலிஸ் வகுப்பு, காசில்லை. சின்னப் பிள்ளைகளின் கதிரைகள்தான் மிச்சம் இருந்தன. பெரிய ஆட்கள் எல்லாம் முழங்கால் நாடியில் முட்டக் குந்தியிருந்து படித்தார்கள். படிப்பித்தவர் மோரீன் என்கிற வயதான வெள்ளைக்காரி, சம்பளம் வாங்காமல் வருகிறவர். தமிழ் எழுத்தே முப்பது வயதில்தான் யேசுரட்ணத்துக்குப் பிடிபட்டது, ஆகையால் படிப்பிக்கிறவர்மேல் அவனுக்குச் சரியான பயம். "ரீச்சர்" என்றான்.

"நோ ரீச்சர். மோரீன்."

தாயின் வயதுள்ள மனிசியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா? அவன் அன்றிலிருந்து அவரை ஒன்றும் கூப்பிடாமலே சமாளித்தான். ஆனால் யோசனை அங்கேதான் விழுந்தது. இந்தப் பாஷையில் டொக்டரும் யூ, பஸ் ஓட்டுகிறவனும் யூ. அண்ணை இல்லை, தம்பி இல்லை. இதில் கேட்டால் கேட்டுவிடலாம்.

மோரீனிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் சந்தோஷப்பட்டு வசனம் செய்து கொடுத்தார்: "ஐ வுட் லைக் டு ஹாவ் சண்டேஸ் ஓஃப், ப்ளீஸ்." தானே முதலாளியாக நடித்தார். அவன் சொன்னதும், "ஒஃப் கோர்ஸ், நோ ப்ரொப்ளம்" என்று சிரிப்பார். எத்தனை தரம் கேட்டாலும் லீவு தந்தார். மோரீன் நல்ல முதலாளி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணை முருங்கைக்காய்ப் பெட்டியைக் கிளறிக்கொண்டு நின்றார். யேசுரட்ணம் பின்னால் போய் நின்று வசனத்தைச் சொன்னான்.

கடை சோதிக்கிற கவுன்சில்காரர் ஆரும் உள்ளுக்கு வந்துவிட்டினமோ என்று அண்ணை திடுக்கிட்டுத் திரும்பினார். பார்த்தால் யேசு. சேர்ட்டை இழுத்துச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார்.

"சொறி, மிஸ்டர் யேசுரட்ணம். சண்டே இஸ் பிஸி டே. நொட் பொசிபிள்."

தமிழில் இதை அவரால் சொல்லியிருக்க ஏலாது. தலையைச் சொறிவார், "பாப்பம்" என்பார், பெனிற்றாவின் சுகம் விசாரிப்பார். இங்கிலிசில் தனக்கு அண்ணை இல்லாமல் போவார் என்று கணக்குப் போட்ட யேசுரட்ணம், அவருக்கும் தம்பி இல்லாமல் போவான் என்று யோசிக்கவில்லை. முதலாளி இல்லையென்றால் என்ன சொல்வது என்று மோரீன் படிப்பிக்கவும் இல்லை. கைவசம் மிச்சமிருந்ததைச் சொன்னான்.

"தேங்க் யூ."

அன்றைக்குக் கதவடியில் பெனிற்றா ஒரு சப்பாத்தைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டு, இல்லையெண்டு வாங்கி, அதுக்கு நன்றியும் சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள்."

"அப்ப என்ன செய்யிறது?"

"போகாதேங்கோ."

"அண்ணைக்குக் கோபம் வரும்."

"வரட்டுமன்."

சனிக்கிழமை கடை பூட்டும்போது யேசுரட்ணம் அண்ணையைப் பார்க்காமல் ஷட்டரைப் பார்த்துச் சொன்னான்: "நாளைக்கு நான் வரமாட்டன் அண்ணை." சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். பின்னால் "பாப்பம், பாப்பம்" என்று கேட்டது.

ஞாயிறு இருவரும் சேர்ந்து பூசைக்குப் போனார்கள். கேக் கொடுத்த பெண்கள் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். விதவையின் இரண்டாவது புருஷன் கொஞ்சம் வயதானவர் என்று நினைத்திருக்கலாம்.

மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. அண்ணை. கையில் ஆட்டிறைச்சிப் பை.

"இதால போனனான். ஒருக்காப் பாத்திட்டுப் போவமெண்டு."

அவர்களுடையது ரோட்டு முடிகிற இடத்துக் கடைசி வீடு. அதால் ஒருவரும் எங்கேயும் போக ஏலாது. ஆனாலும் பெனிற்றா இறைச்சியை வாங்கி அடுப்பில் வைத்தாள், அண்ணை இருந்தார், சோறும் வந்தது.

"எனக்கென்ன கோபமே?" என்றார் அண்ணை, எலும்பைத் தட்டியபடி. "நீ தமிழில கேட்டிருந்தால் நான் ஓமெண்டு சொல்லியிருப்பன். இங்கிலிசில கேட்டால் மனிசன் என்ன செய்யிறது? வழக்குப் போடப் போறாய் எண்டு நினைச்சிட்டன்."

"இல்லை அண்ணை, அது வந்து..."

"சரி விடு. இண்டைக்கு நாலு மணிக்கு லொறி ஒண்டு வருது. கடைப் பெடியன் கௌசிக்கும் இல்லை. ஏலுமெண்டால் ஒரு பத்து நிமிசம்..."

யேசுரட்ணத்தின் வாய் தானாகத் திறந்தது. "ஓ" வரை வந்துவிட்டது.

"அவருக்கு ஏலாது அண்ணை," என்றாள் பெனிற்றா, கறிச்சட்டியோடு வந்து நின்று. "இறைச்சி இன்னும் ரெண்டு துண்டு போடட்டோ?"

அண்ணை தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். பாதிச் சோற்றில் கோபித்துக்கொண்டு எழும்பவும் முடியாது. இறைச்சியும் தன்னுடையது, நல்லாகவும் இருந்தது.

"கொஞ்சமாப் போடுங்கோ, தங்கச்சி."

லொறியை அவர் தானே இறக்கியிருக்கிறார். திங்கட்கிழமை இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். செவ்வாய் மோரீன், வசனம் வேலை செய்ததா என்று ஆவலாய்க் கேட்டார். "யெஸ்" என்றான் யேசுரட்ணம். மிச்சத்தைச் சொல்ல இன்னும் நாலைந்து வருஷம் படிக்கவேண்டும். மோரீன் வகுப்பு முழுவதையும் கை தட்டச் சொன்னார்.

அந்தக் கிழமை முழுக்க அண்ணை அவனோடு தமிழில் ஒரு சொல் கதைக்கவில்லை. "மிஸ்டர் யேசுரட்ணம், ஃபிஷ்." "மிஸ்டர் யேசுரட்ணம், றைஸ்." சனிக்கிழமை ஷட்டரை இழுத்துவிட்டுத் திரும்பினார்.

"சீ யூ மண்டே, மிஸ்டர் யேசுரட்ணம்."

அடுத்த நாள் ஞாயிறு. கோபம் ஆறவில்லை போல. "மண்டே" என்றதைக் கொஞ்சம் பலமாகத்தான் சொன்னார்.