தடங்கல் அட்டை

அட்டையைப் போட்ட பிறகுதான் பொடிசுக்கு அதில் அப்பாவின் நம்பர் இருப்பது ஞாபகம் வந்தது.

கை இன்னும் மவுஸை விடவில்லை. ஊரில் காலையில் டிவி போடுகிற அத்தனை வீட்டிலும் இந்நேரம் நீல நிற அட்டை வந்திருக்கும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம், தொடர்புக்கு' என்று போட்டுக் கீழே கொட்டை எழுத்தில் நம்பர். அப்பாதான் சேனலின் லைன்மேன். அட்டையைப் பார்த்தால் ஜனங்கள் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போவார். மெயின் கேபிள் பெட்டி அங்கேதான் இருக்கிறது.

அக்காவும் அங்கேதான் நிற்கிறாள். தோளில் ஒரு பை, காலடியில் ஒரு பை.

அட்டை ஊருக்குப் போகும் ஒளிபரப்பில் மட்டும்தான். பொடிசின் முன்னால் இருந்த சின்ன மானிட்டரில் பஸ் நிறுத்தம் அப்படியே தெரிந்தது. அக்கா சாலையின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்து உச்சியில் இருந்த கேமராவை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அந்தக் கேமராவை அங்கே வைக்கச் சொன்னதே பொடிசுதான்.

சித்தப்பாவின் பெயின்ட் கடை மாடியில், சுவரெல்லாம் பழைய போர்வை ஆணியடித்த ஒற்றை அறையில் நடக்கும் சேனல் அது. முன்பெல்லாம் சாயங்காலம் மட்டும்தான். அக்கா மூஞ்சியில் பவுடர் போட்டுக்கொண்டு உட்காருவாள். யார் வீட்டு ஆடு காணவில்லை, எங்கே தண்ணீர் வராது, யார் தவறிவிட்டார், காய்கறி என்ன விலை என்று கணீரென்று படித்துவிட்டு எழுந்துவிடுவாள். அப்பா கேபிள் சரிபார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் அவள் குரலைப் பற்றித்தான் பேச்சு. அவர் ஏணியில் நின்றபடியே அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

சித்தப்பாவுக்குத்தான் அது போதவில்லை.

"பக்கத்து டவுன் சேனல் நாள் முழுக்க ஓடுது. நம்மது மட்டும் கடை ஷட்டர் மாதிரி சாயந்திரம் தூக்கி ராத்திரி இறக்குறதா?" என்றார்.

காலை வணக்கம், பெண்கள் நேரம், உடல் நலம், உழவர் பக்கம், நேயர் வாழ்த்து என்று பலகை நிறைய எழுதி மாட்டினார். எல்லாவற்றுக்கும் முகம் ஒன்றேதான். வெளியாளை வைக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, வீட்டுப் பெண் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று அப்பாவே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா பொழுது விடிந்தால் ஸ்டூடியோ, பொழுது அடைந்தால் ஸ்டூடியோ என்று ஆனாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நேரலையில் உட்காரும்வரை ஓடுகிற முதல் ஒரு மணி நேரத்தை முந்தின நாள் இரவே பேசிப் பதிவு செய்து வைத்துவிட்டு வந்து படுப்பாள். தொண்டை கட்டி, வீட்டில் சைகையில் உப்பு கேட்பாள். ஒருநாள் பவுடரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஆடு காணோம், மாடு காணோம்னு படிச்சுப் படிச்சு, நானே காணாமப் போயிடலாம் போல இருக்குடி."

பொடிசு சிரித்தாள். சிரித்தாலும் மனசு கேட்கவில்லை. மதிய நேரத்தில் அக்கா கொஞ்சம் கண்ணயரட்டும் என்றுதான் அந்த யோசனையைச் சித்தப்பாவிடம் சொன்னாள். கம்பத்தில் ஒரு கேமரா போதும், பஸ் நிறுத்தத்தைச் சும்மா காட்டலாம், யாரும் பேச வேண்டாம். சித்தப்பா முகம் சுளித்தார். ஊருக்கோ அது பிடித்துப்போனது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் தலை வாரிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். தினமும் பெஞ்சில் ஏறிப் படுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கு, அக்காவைவிட அதற்குத்தான் மவுசு என்று பேர் வந்தது. பொடிசு அதோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் எந்த நேரத்துக்குப் பதிவு இல்லாமல் போனாலும் தானாகக் கேமராவுக்குத் தாவும்படி செய்து வைத்தாள். அக்கா ஒருநாள் அசந்துபோனாலும் திட்டு விழக் கூடாதே என்று. அதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நேற்று அக்கா பதிவு செய்யவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். நகரத்தில் மருந்துக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கிற வேலை. இன்று காலையே வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பொடிசுக்கு மட்டும்தான் தெரியும். அங்கே யாரும் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டார்கள் என்று, ஏதோ நகை வாங்கித் தந்ததுபோலச் சந்தோஷமாகச் சொன்னாள் அக்கா. பொடிசு பையின் ஜிப்பை இழுத்து மூட உதவினாள்.

காலையில் ஸ்டூடியோவைத் திறந்து சேனலை ஓடவிட்டதும், பதிவு இல்லாத இடத்தில் கேமரா தாவி வந்து நின்றது. ஊர் பார்க்க, இரண்டு பையோடு அக்கா.

அந்த ஒரு நொடியில்தான் பொடிசு அட்டையை அழுத்தினாள்.

இப்போது எடுத்துவிடலாமா என்று பார்த்தாள். எடுத்தால் அக்கா மறுபடி திரையில் வருவாள். எடுக்காவிட்டால் அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அக்காவைப் போனில் கூப்பிட்டாள். போனை அணைத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. பஸ் வந்துவிட்டால் போதும், வந்துவிட்டால் போதும் என்று மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக்தான் முதலில் வந்தது.

அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தினார். பேன்ட்டின் பின் பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தார். அப்புறம் திரும்பினார். மானிட்டரில் சத்தம் கிடையாது. அப்பா கையை ஓங்கவில்லை, தலையிலும் அடித்துக்கொள்ளவில்லை. பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்குரூடிரைவரைப் பார்த்தார். ஏதோ சொன்னார். ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும்.

பஸ் வந்து இருவரையும் மறைத்துக்கொண்டு நின்றது. பொடிசு மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். யாரோ ஒரு பெரியவர் மெதுவாக ஏறினார். பஸ் கிளம்பியது.

அது விலகிய இடத்தில் அப்பாவும் அக்காவும் அப்படியே நின்றார்கள். ஆடு பெஞ்சில் ஏறிப் படுத்துக்கொண்டிருந்தது. அப்பா கீழே இருந்த பையை எடுத்து பைக் டேங்க்கின் மேல் வைத்தார். அக்கா பின்னால் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் அட்டையை எடுத்தாள் பொடிசு.

அக்கா வந்தாள். பவுடர் போட்டாள், கிளிப் மைக்கைக் குத்திக்கொண்டாள். 'காலை வணக்கம்' என்று கணீரென்று ஆரம்பித்தாள். காலையில் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று படிக்கும்போது அவள் கண் தாளில் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற பொடிசுதான் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியம் பஸ் நிறுத்தம் ஓடத் தொடங்கியதும், இருவரும் போர்வைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். கேமரா தாவிய கதையைப் பொடிசு திக்கித் திணறிச் சொன்னாள். உனக்காகத்தான் அப்படிச் செய்து வைத்தேன், ஊர் பார்த்துவிடுமே என்றுதான் மறைத்தேன் என்றாள். அக்கா கேட்டு முடித்துவிட்டு, பைக்கில் வரும்போது அப்பா சொன்னதை எடுத்தாள். காலையில் வீட்டில் டிவியே போடவில்லையாம். அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தாராம், வரிசையாக ஏழெட்டுப் போன் வந்த பிறகுதான் கிளம்பினாராம். சாவகாசமாக, யாருக்கோ நடந்ததைப்போல இதைச் சொன்னாள்.

"அப்பா அங்க என்னக்கா சொன்னாரு?"

"ஏழு மணிக்கு யாரும்மா படிப்பாங்க, அதை மட்டும் சித்தப்பாகிட்ட சொல்லிட்டுப் போன்னாரு. திட்டியிருந்தா ஏறியிருப்பேன்டி."

பொடிசு நாளைக்கு வேறு பஸ் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தாள். கிடங்கில் இந்நேரம் வேறு யாரோ பெட்டி எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

அக்கா மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"அதுல பழைய பதிவு அத்தனை கிடக்கே, எதையாவது போட்டிருக்கலாமே. அட்டையில அப்பா நம்பரை டைப் பண்ணதும் நீதான்."

பொடிசு சுவர்ப் போர்வையில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்தாள். நேற்று ஜிப்பை மூடியபோது பக்கத்துப் படுக்கை நாளையிலிருந்து காலியாக இருக்கும் என்று தோன்றியதும், அழுகையை விழுங்கிக்கொண்டு சிரித்ததும் அவளுக்குத்தான் தெரியும்.

"அழுத்தினப்ப நிஜமாவே மறந்துதான் போயிருந்தியா, பொடிசு?"