நீலப் புள்ளி

நாங்கள் குடியிருக்கும் கிராமத்தை மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்துதான் தேர்ந்தெடுத்தோம். எனக்கு வடக்கே ஒரு பெருநகரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என் வீட்டுக்காரர் தெற்கே இன்னொரு பெருநகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். இரண்டுக்கும் நடுவே ஒரே ரயில் பாதை, அதில் சரி பாதியில் இந்த ஊர். நம்ம ரெண்டு பேருக்கும் சண்டை வராத ஒரே ஊர் இதுதான் என்று இவர் சொன்னார். நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்று வீடு பார்த்துக் கொடுத்த தரகர் அளந்து விட்டார். அந்தக் காற்றை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சுவாசித்தோம். மற்ற ஆறு நாளும் விடிந்ததும் ஸ்டேஷன், பொழுது சாயும்போது வீடு.

எங்கள் மகளுக்கு ஆறரை வயது. வீட்டில் அவள் பெயர் வாலு. இரண்டு வருடமாகக் காலையில் இவர் அவளை ஸ்டேஷன் வாசலில் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார். மாலையில் வேன் ஊருக்குள் வராது; ஆறு ஐந்துக்கு அவளை நெடுஞ்சாலையில் நாலு ரோடு சந்திப்பில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் வயல்வழி. நெடுஞ்சாலையோ லாரிகள் கண்மண் தெரியாமல் பறக்கிற சாலை. யார் போய் அவளைக் கூட்டி வருவது என்று முதல் வருடம் தினமும் ஃபோனில் சண்டை. அப்புறம் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். இருவர் ஃபோனிலும் மேப்பில் இரண்டு புள்ளிகள் தெரியும். இவர் நீலம், நான் சிவப்பு. யார் புள்ளி முதலில் நகரத்தை விட்டு நகர்கிறதோ, அவர் வாலுவைக் கூட்டி வர வேண்டும். மற்றவர் அடுத்த ரயிலில் நிதானமாக வரலாம். ஃபோன் பண்ணிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் அளந்திருக்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. நாலே முக்காலுக்குப் பார்த்தேன். நீலப் புள்ளி தெற்கு நகரத்தை விட்டுக் கிளம்பி வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. சரி, இன்று அவர் முறை. மறுநாள் ஆபரேஷனுக்குப் போகிற ஒரு நோயாளியின் ரத்தத்தை இன்னொரு முறை பார்க்கச் சொல்லி டாக்டர் கேட்டிருந்தார். என் வழக்கமான ரயிலை விட்டுவிட்டு அதை முடித்துக் கொடுத்தேன். ஐந்து இருபது ரயிலில் ஏறி, நல்ல காலமாக ஜன்னல் சீட்டும் கிடைத்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு மறுபடி மேப்பைத் திறந்தேன். நீலப் புள்ளி எங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. திருப்தியாக ஃபோனை மூடப் போன என் கை நின்றது. புள்ளி ஸ்டேஷனில் நிற்கவில்லை. நாலு ரோட்டுப் பக்கமும் திரும்பவில்லை. தண்டவாளத்தின் மேலேயே ஓடி, ஊரைத் தாண்டி, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தூங்கிவிட்டார். ரயிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். இதற்குள் மணி ஆறு நாலு. இன்னும் ஒரு நிமிடத்தில் என் குழந்தை அந்தச் சாலையில் இறங்கி நிற்கப் போகிறாள். நான் ஊரிலிருந்து முப்பது நிமிடத்துக்கு மேல் தள்ளி இருக்கிறேன்.

வேன் டிரைவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏன் எடுப்பார்? வண்டி ஓட்டும்போது ஃபோன் பேசுகிறார் என்று போன மாதம் பள்ளியில் புகார் கொடுத்து, அவர் ஃபோனைப் பூட்டி வைக்கும்படி செய்த புண்ணியவதி நான்தான். பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஐந்தரைக்கே மூடியிருப்பார்கள்.

அப்புறம் யார்? ஃபோனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நானூறு எண்கள் இருந்தன. எங்கள் ஊர் என்று தேடினால் மூன்றே பேர். தண்ணீர் மோட்டார் ரிப்பேர், கேஸ் சிலிண்டர், தரகர். மூன்று வருடமாக அந்த ஊரில் இருக்கிறேன். பக்கத்து வயலில் வெங்காயம் போடுகிறவரின் முகம் தெரியும், எண் தெரியாது. மோட்டார்காரர் வெளியூரில் இருந்தார், சிலிண்டர்காரர் எடுக்கவில்லை. தரகர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், தான் ஒரு கல்யாண வீட்டில் இருப்பதாகவும், யாரையாவது அனுப்பப் பார்க்கிறேன் என்றும், அப்படியே கிழக்கே ஒரு மனை வருகிறது, நல்ல விலை என்றும் சொன்னார். ஃபோனை வைத்துவிட்டேன்.

ஆறே காலுக்கு எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் சடசடவென்று போனது. மேப்பில் நீலப் புள்ளி என் சிவப்புப் புள்ளியின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போனது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வெளிச்சங்களையே பார்த்தேன். மறுபடி ஃபோன் போட்டேன். இந்த முறை யாரோ எடுத்தார்கள். கரகரத்த ஆண் குரல்.

"இந்தப் பை யாருதுன்னு தெரியலம்மா. இடம் போட்டு வச்சிருக்காங்க. ஆளே வரல. ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கு, அடுத்தவங்க பையை எப்படித் திறக்கிறதுன்னு இவ்வளவு நேரம் விட்டுட்டோம்."

தினமும் ரயிலில் போகிறவர்களுக்கு இது சொல்லிப் புரிய வேண்டியதில்லை. ரயில் புறப்படும் முன்பே பையை வீசி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டு, கீழே இறங்கி ஒரு டீ குடிப்பது. இவர் பத்து வருடமாகச் செய்வது. ஃபோன் பைக்குள் சார்ஜில் இருந்திருக்கிறது. இவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. பை ஊருக்கு வந்தது, ஆள் வரவில்லை. நான் பையை நம்பி ரயிலை விட்டிருக்கிறேன்.

பாவம், தெற்கு ஸ்டேஷனில் கடன் வாங்கிய ஃபோனோடு இவர் தவித்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அவருடைய எண். பதினோரு முறை அதற்கே அடித்திருக்கிறார்.

ஆறு முப்பத்தைந்துக்கு ரயில் ஊரில் நிற்பதற்குள் குதித்தேன். ஸ்கூட்டர் நிறுத்தத்தில் எங்கள் ஸ்கூட்டர் காலையில் விட்ட இடத்திலேயே நின்றது. கடைசி வரைக்கும் எங்கோ ஒரு மூலையில், எப்படியாவது அவர் வந்திருப்பார் என்ற நப்பாசை இருந்திருக்கிறது. சாவியைத் துவாரத்தில் நுழைக்க மூன்று முறை முயன்றேன்.

நாலு ரோட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. வாலு எப்போதும் நிற்கும் புளியமரத்தடியில் யாரும் இல்லை. ஸ்கூட்டர் விளக்கைத் திருப்பித் திருப்பி அடித்துப் பார்த்தேன். கத்திக் கூப்பிட்டேன். ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. ஃபோன் அடித்தது. வேன் டிரைவர்.

குழந்தையை எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"வழக்கமான இடத்துலதாங்க. அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்களே."

"நான்தாங்க அவ அம்மா."

அவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ தினமும் வர்றவங்க யாருங்க?"

தினமும் ஒருத்தி வருகிறாள். தினமும் என் குழந்தையின் கையைப் பிடிக்கிறாள். எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் போனார்கள் என்று கத்தினேன். நான் அந்தப் பக்கம்தானே இறக்குவேன், டயர் கடை வாசலில் என்றார் அவர்.

சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு லாரி டயர் கடை உண்டு. தினமும் இரண்டு முறை அதைக் கடந்து போகிறேன். டிரைவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம், அந்தப் பக்கமே போகக் கூடாது என்று வாலுவை மிரட்டி வைத்திருந்தேன். ஸ்கூட்டரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். ஹாரன் காதைக் கிழித்தது. எது எந்தப் பக்கம் வந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

வாலு அடுக்கி வைத்த டயர்களின் மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கீழே என் வயதுக்காரி ஒருத்தி, கையெல்லாம் கரியோடு, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அழுது முடிக்கும் முன்பே கோபம் வந்தது. நீங்கள் யார், யாரைக் கேட்டு என் குழந்தையைத் தொட்டீர்கள் என்று அவளைக் கேட்டேன். வாலு என் வாயைப் பொத்தினாள்.

அவள் டியூபைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தாள். கோபப்படவில்லை.

"வேன் இந்தப் பக்கம் நிக்குது. நீங்க அந்தப் பக்கம் வர்றீங்க. நடுவுல இவளை யாரு தாண்ட வைப்பாங்கன்னு நெனச்சீங்க?"

நான் நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை. வேன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. நான் வரும்போதெல்லாம் வாலு புளியமரத்தடியில் நின்றாள். எப்படி வந்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

"மொதல்ல ஒரு நாள் இவகூடவே நின்னுட்டிருந்தேன். நீங்க வந்து, என்ன வேணும் உங்களுக்குன்னு கேட்டீங்க. அதுலேருந்து உங்க வண்டி திரும்புறது தெரிஞ்சதும் நான் இங்க வந்துடுவேன். இன்னைக்கு யாரும் வரல. இருட்டிடுச்சு, திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அப்படிக் கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கேட்டிருப்பேன். எந்தக் குரலில் கேட்டிருப்பேன் என்பதும் தெரியும். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். உங்கள் ஃபோன் நம்பர் வேண்டும் என்று கேட்டேன். ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள். பிறகு டியூபை எடுத்து மறுபடி தண்ணீரில் அமுக்கினாள்.

வாலுவின் கையைப் பிடித்துச் சாலை ஓரத்துக்கு வந்தேன். தூரத்தில்தானே லாரி வருகிறது என்று காலை எடுத்து வைத்தேன். என் மகள் என்னைப் பின்னால் இழுத்தாள்.

"இப்ப போகக் கூடாதும்மா. அது போகட்டும். ரெண்டு பக்கமும் வண்டி வெளிச்சமே இல்லாம இருட்டாகணும். அத்தை அப்படித்தான் கூட்டிட்டுப் போவாங்க."

லாரி போனது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. நாங்கள் நின்றோம். இரண்டு வருடத்தில் அவளோடு அந்தச் சாலையை நான் தாண்டியது அதுதான் முதல் முறை.