ஆறாவது ஆல்பத்தின் வேகம்

"மொத்தம் ஒன்பது ஆல்பம். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வரிசையாக் கேளுங்க. அப்புறம் ஏழு, எட்டு, ஒன்பது."

"நடுவுல ஆறைக் காணோமே. உங்களுக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தவங்க சரியில்லையோ?"

"ஆறு வேண்டாங்க. அதை விட்டுடுங்க."

கல்யாணம் பேசி முடிப்பதற்கு முன்னால் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லிப் பெரியவர்கள் கொடுத்தது பதினைந்து நிமிடம். அதில் பத்து நிமிடத்தை அவர் அந்த ஆல்பங்களைப் போட்ட ஹெவி மெட்டல் கிட்டார்க்காரருக்கே செலவழித்தார். "ஹெவி மெட்டல்னா இரும்புக்கடை சமாச்சாரமா?" என்று அவள் கேட்டதற்குக் கோபப்படாமல், ஒரு நொடிக்குள் பதினெட்டு சுரங்களை ஒருவரால் எப்படி வாசிக்க முடிகிறது என்று விரல்களை மடக்கிக் காட்டி விளக்கினார். கேலி செய்தால் சுருங்காத ஆள் என்று அப்போதே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆறைப் பற்றிய கேள்வியை மட்டும் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டாள்.

அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவள் நீச்சல் பயிற்சியாளர். அவர் செயற்கைப் பற்கள் செய்பவர். கடைத்தெரு மாடியொன்றில் அவருக்கு வேலை அறை, மெழுகு, அச்சுமாவு, தாடைகளைப் போலத் திறந்து மூடும் சின்னச் சின்னக் கருவிகள். காதில் எப்போதும் கிட்டார். வேலை முடிந்து வந்ததும் தன் வலைப்பூவில் அந்தக் கிட்டார்க்காரரைப் பற்றி எழுதுவார். 'முதல் ஆல்பம், முப்பத்திரண்டு பல்லையும் ஒரே சமயத்தில் காட்டிச் சிரிப்பவன். திறமை தெரிகிறது, ஆள் தெரியவில்லை.' 'மூன்றாவதில் பாடகர் ஒருவர் வந்து சேர்ந்தார். கிட்டார் அவருக்கு வழிவிடவே இல்லை, புது மாப்பிள்ளையைப் பேசவிடாத மாமனார் மாதிரி.' 'ஐந்தாவதில்தான் ஒரு சுரத்தை வாசிக்காமல் விடுவதற்கும் துணிச்சல் வேண்டும் என்று கற்றுக்கொண்டார்.' இதையெல்லாம் படித்துப் படித்து, இரைச்சலாக மட்டுமே கேட்ட ஒன்றுக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவளுக்கும் பிடிபட ஆரம்பித்திருந்தது. ஏழாவதைப் பற்றி எழுதும்போது, முந்தைய சறுக்கலிலிருந்து மீண்டுவிட்டார் என்று ஒரே வரி. எந்தச் சறுக்கல் என்று விளக்கம் இல்லை.

ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே பெயரில்லாத ஒருவர் ஒரே பின்னூட்டம் போடுவார். 'ஆறு எப்போது?' அவ்வளவுதான். அவள் கணவர் பதில் எழுதுவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. "யாருங்க இது?" என்று அவள் கேட்டால், "யாரோ வேலையத்தவன்" என்பார். ஆனால் அந்த வரி வந்து சேர்ந்த பிறகுதான் சாப்பிட எழுந்திருப்பார். அதை அவள் கவனித்திருந்தாள்.

அவருக்கு ஓர் அண்ணன் உண்டு, தொலைவில் வெல்டிங் பட்டறையில் வேலை, பதினைந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். காரணம் கேட்டபோது, "ஒரு பாட்டுக்காக" என்று சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டுக்காக அண்ணன் தம்பி உறவை அறுத்துக்கொள்கிறவர்கள் இருப்பார்களா என்ன?

அந்தச் செவ்வாய்க்கிழமை நீச்சல்குளத்துத் தண்ணீரில் குளோரின் மருந்து கூடிப்போய்ப் பயிற்சியை ரத்து செய்துவிட்டார்கள். பகல் பதினொரு மணிக்குத் தலைமுடி காய்ந்த நிலையில் வீட்டில் இருப்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்த கேசட் பெட்டியை இறக்கினாள். அச்சடித்த அட்டைகளோடு ஐந்து கேசட்டுகள். ஆறாவது, கடையில் வாங்கிய வெற்றுக் கேசட்டில் பதிந்தது. அட்டையில் அவருடையதல்லாத கையெழுத்தில் '6' என்றும், கீழே 'தம்பிக்கு' என்றும் இருந்தது.

பழைய டேப் ரிக்கார்டரில் அதைப் போட்டாள். பாட்டு தொடங்கியதும் கட்டைவிரல் தன்போக்கில் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை அழுத்தியது. அது தொழில் புத்தி. ஈரத்துணியோடு நீந்துகிறவனைப் போல இருந்தது கிட்டார். மோசமில்லை, ஆனால் கடைசிச் சுற்றை இழுத்துக்கொண்டு வருகிறவனின் அசதி. இது என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ளக் கைப்பேசியில் தேடினாள். முதல் பாட்டு ஆறு நிமிடம் இரண்டு நொடி என்று போட்டிருந்தது. அவள் கணக்கில் ஆறு நிமிடம் முப்பத்தொரு நொடி. அடுத்த பாட்டும் அதே விகிதத்தில் நீண்டது.

நொடியில் பத்தில் ஒரு பங்குக்காகப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பக் குதிக்க வைக்கிறவளால் அரை நிமிடத்தைச் சும்மா விட முடியுமா? டேப் ரிக்கார்டரின் கோளாறோ என்று ஐந்தாவது கேசட்டைப் போட்டாள். நொடி பிசகாமல் ஒத்துப்போனது. அப்படியானால் இது ஒன்று மட்டும்தான். கைப்பேசியில் ஆறாவதை ஓடவிட்டாள். அதே பாட்டுதான், ஆனால் ஈரத்துணியை உதறிப்போட்டுவிட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வேலை அறைக்குக் கிளம்பினாள்.

அவர் யாரோ ஒருவருடைய முன்பற்களை மெழுகில் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கோச்சம்மா, குளம் வத்திப்போச்சா?"

"அந்த ஆறாவது கேசட்டைக் காப்பி பண்ணது யாரு?"

கத்தி மெழுகிலேயே நின்றது. "அதை எதுக்கு எடுத்த?"

"பன்னெண்டு வருஷமா எடுக்காம இருந்தேனே, அதுக்கு ஒரு பாராட்டு கிடையாதா?"

"அண்ணன்தான். அவன் தங்கியிருந்த ரூம்ல ரெண்டு கேசட் போடற மெஷின் இருந்துச்சு. வந்த அன்னிக்கே வாங்கி, அதுல காப்பி பண்ணி எனக்கு அனுப்பினான்."

அவள் கணக்கைச் சொன்னாள். "நெட்ல ஏத்தறவனுங்க வேகத்தை மாத்திடுவானுங்க" என்றார். ஐந்தாவதையும் சரிபார்த்துவிட்டதாகச் சொன்னதும் காதைக் கொடுத்தார். அவள் இயர்போனைச் செருகினாள். முதல் பாட்டில் அவர் புருவம் நெரிந்தே இருந்தது. இரண்டாவதில் மெழுகு படிந்த விரல்கள் மேசை விளிம்பில் ஓட ஆரம்பித்தன. நான்காவதில் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆல்பம் முழுவதும் முடியும்வரை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவர் அலமாரியில் சிரித்துக்கொண்டிருந்த பல் வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அந்த மெஷின்ல பதியற பக்கம் வேகமா ஓடியிருக்கு" என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப் போல. "வேகமாப் பதிஞ்சதை அதே பக்கத்துல போட்டுக் கேட்டா சரியாத்தான் இருக்கும். அவன் கேட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்பியிருப்பான். நம்ம வீட்டுல போட்டதும் இழுத்திருக்கு." பிறகு, "இந்த மனுஷன் எங்கயுமே சறுக்கலடி."

அவளுக்குக் கைதட்டலாம் போல இருந்தது. "அப்ப விஷயம் முடிஞ்சுது. தப்பு மெஷின் மேல."

அவர் தலையாட்டவில்லை. "நான் அவனுக்கு ஒரு லெட்டர் போட்டேன். இந்த ஆளுக்குக் கை விழுந்துபோச்சுன்னு எழுதினேன். அதோட நிறுத்தியிருக்கலாம். அப்பா அப்போ படுத்த படுக்கை. நான் ஒருத்தனா பாத்துக்கிட்டிருந்தேன். 'இவனும் உன்ன மாதிரிதான், கஷ்டம்னதும் கைய விட்டுட்டான்'னு எழுதிட்டேன்."

"அவரு?"

"'உனக்குக் காதே கிடையாது'ன்னு ஒரு வரி. அப்பா போனப்ப வந்தான், நின்னான், போயிட்டான். கேசட் இழுத்தது மெஷின் தப்பு. அந்த ரெண்டாவது வரிய மெஷினா எழுதுச்சு?"

அரை நிமிடத்தைக் கண்டுபிடித்த பெருமையோடு படியேறி வந்தவள், அது பாதி வழிக்குத்தான் காணும் என்று புரிந்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அந்த வேலையத்தவரோட நம்பர் இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"அவர் வந்து 'ஆறு எப்போது?'ன்னு எட்டிப் பாத்தப்புறம்தானே உங்களுக்குச் சோறு இறங்குது."

நம்பர் இருந்தது. எப்போதோ அத்தையிடம் வாங்கியதாம். கையெல்லாம் மெழுகாக இருந்ததால் அவளே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அச்சுமாவு டப்பாமேல் சாய்த்து வைத்தாள். நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது இரும்பை அறுக்கும் இரைச்சல் அறையை நிறைத்தது.

"யாருங்க?"

"நான்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆறாவதைக் கேட்டேன். சரியான வேகத்துல. உன் ரூம் மெஷின் வேகமா ஓடியிருக்கு. நூத்துக்கு எட்டு பங்கு."

அறுக்கிற சத்தத்தை மீறிக்கொண்டு குரல் உயர்ந்தது. "டேய், என் மெஷின்மேல குத்தம் சொல்லவா பதினஞ்சு வருஷம் கழிச்சுப் போன் பண்ற?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

"நாலாவது பாட்டு எப்படி?" என்றது குரல், சற்று இறங்கி.

"அழுதுட்டேன்."

"அப்பக் காது வந்துடுச்சு."

இதோடு வைத்துவிடுவார்களோ என்று அவள் பயந்தாள். அண்ணன் யாரிடமோ, "கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்பது கேட்டது. அறுக்கும் இரைச்சல் தேய்ந்து, தேய்ந்து, நின்றது. அந்தப் பெரிய பட்டறையின் அமைதி மொத்தமும் கைப்பேசி வழியாக இந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றது. அவர் மேசையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அதை நோக்கிக் குனிந்தார்.

"அண்ணா, வீட்டுக்கு வாயேன்."