இடது பொத்தானும் வெர்னாவின் வாசலும்

ரோட்னி கங்காஸ் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மின்சார வேலை சொல்லிக்கொடுத்தவர். பாதி வருஷம் பனி கொட்டும் லாரியம் ஊரில் பாதி வீடுகளின் ஒயரிங் அவரிடம் படித்தவர்கள் கை பட்டதுதான். கடைக்குப் போனாலும் சரி, தேவாலயத்துக்குப் போனாலும் சரி, யாராவது ஒருத்தன் "வாத்தியாரே" என்று கூப்பிடுவான். அந்தப் பெருமையை அவர் வெளியே காட்டிக்கொள்வதில்லை. அதாவது, காட்டிக்கொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் கடைசியில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் கூரையிலிருந்து பனியை இழுத்துத் தள்ளும்போது அவருடைய வலது தோள்பட்டை பிசகிக்கொண்டது. அறுபத்தாறு வயதுக்குமேல் பிசகிய தோள் லேசில் சரியாவதில்லை. பனியை வாரி இறைக்கும் மெஷினை ஓட்டுவதில் சிரமமில்லை, அது தானே நடக்கும். ஆனால் பனியைத் துப்புகிற குழாய் இருக்கிறதே, கொக்குக் கழுத்து மாதிரி வளைந்து நிற்பது, அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப ஒரு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். குளிரில் இறுகிப்போன கைப்பிடி. ஒரு நடைக்கு இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் வாயிலிருந்து, தாத்தா ஊரான பின்லாந்துக் கெட்டவார்த்தை ஒன்று வந்தது.

"புது மெஷின் வாங்கித் தொலையேன்," என்றாள் மனைவி ஐலி. "இப்ப வர்றதுல பொத்தான அமுக்கினா போதும், குழாய் தானே திரும்புது. ஹெய்க்கினன் வீட்லகூட வாங்கியாச்சு."

"ஒரு பொத்தானுக்காகப் புது மெஷினா? ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச், நாலு ஒயர். ஞாயித்துக்கிழமை காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்."

"எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லு. அன்னிக்குக் காபி போடுறேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. முதல் வாரம், பழைய வேன் ஒன்றின் கதவுக்குள்ளிருந்து கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்தார். இரண்டாம் வாரம், மோட்டாருக்கு இடம் வேண்டுமென்று மெஷினின் பழைய கைப்பிடிக் கம்பியை ரம்பம் போட்டு அறுத்தெறிந்தார். அன்றிலிருந்து குழாய் வலப்பக்கம் மட்டும்தான் துப்பியது. மூன்றாம் வாரம், அடுப்படி மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஐலி அந்த வாரம் முழுக்கத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

வேலை என்னவோ நேர்த்தியான வேலைதான். அந்த மோட்டாருக்கு மின்சாரத்தை ஒரு வழியாக விட்டால் வலப்பக்கம் சுற்றும், பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றி விட்டால் இடப்பக்கம் சுற்றும். ஆறு கால் உள்ள ஒரு சுவிட்சின் முதுகில் இரண்டு ஒயர்களைக் குறுக்காகப் போட்டால் அந்த மாற்றல் தானே நடந்துவிடும். இதோடு நிறுத்தியிருந்தால் வாத்தியார் என்ற பேருக்கு என்ன மரியாதை? குழாய் எல்லை மீறிச் சுற்றிவிடாதபடி இரண்டு முனையிலும் காவல்காரன் மாதிரி முனைக்கொரு குட்டி சுவிட்ச் வைத்தார். குழாய் இடது முனைக்கு வந்து இடிக்கும்போது இடது காவல்காரன் மேற்கொண்டு போகிற மின்சாரத்தை அடைப்பான், திரும்பி வருகிற மின்சாரத்தை மட்டும் விடுவான். வலது முனையிலும் அப்படியே.

அதில் இடது காவல்காரனுக்கு ஒரு தனிக் கதை உண்டு. இடப்பக்கம் பத்தடி தள்ளி வெர்னா ஸ்டிமாக்கின் வீடு. எழுபத்து நான்கு வயது, தனிக்கட்டை. நாலு குளிர்காலத்துக்கு முன்னால் ரோட்னியின் மெஷின் துப்பிய ஒரு பனிக்கட்டி அவளுடைய வாசல் கதவுக் கண்ணாடியைப் பிளந்தது. "தெருப்பனி தள்ளுற நகராட்சி வண்டி தெறிக்க விட்ட கட்டிதான் அது," என்று சாதித்துவிட்டார் ரோட்னி. வெர்னா கண்ணாடிக்கு ஒட்டுப்பட்டை போட்டாள். அன்றிலிருந்து பார்த்தால் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். இனி எந்தக் காலத்திலும் குழாய் அந்த வாசலைப் பார்க்கவே முடியாதபடிதான் அந்தக் காவல்காரனை அவர் இடம் பார்த்து வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்பதைவிட ஒரு சுவிட்ச் வைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அடுப்படியில் சோதனை நடந்தது. காய் நறுக்கும் பலகையில் மோட்டார், அதன்மேல் குழாய்க்குப் பதிலாக ஒரு மரக்கரண்டி. வலது பொத்தானை அமுக்கினால் கரண்டி வலப்பக்கம் போனது, காவல்காரனை இடித்ததும் நின்றது. இடதும் அப்படியே.

"கரண்டி நல்லா வேலை செய்யுது," என்றாள் ஐலி. "இனிமே அதை வெச்சு சூப் கிண்டலாமா?"

ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஐலி முழங்கால் அறுவைக்காக மார்க்கெட் என்ற ஊரில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை மதியம் அவள் தங்கை காரில் கூட்டிவருவதாக ஏற்பாடு. பிடித்து நடக்கிற நடைவண்டியை அவள் தள்ளிக்கொண்டு வர வாசல் பாதை அகலமாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை பதினாலு அங்குலம் பனி கொட்டித் தீர்த்தது. ரோட்னிக்கு உள்ளூரச் சந்தோஷம். அரங்கேற்றத்துக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கார்க்கொட்டகையில் மோட்டாரை மெஷினில் பூட்டினார். நேராக வைத்தால் ஒரு போல்ட் இடித்தது. அதனால் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினார். பேட்டரியைக் கொடுத்து வலது பொத்தானை அமுக்கினார். குழாய் இடப்பக்கம் போனது.

"அட," என்றார்.

மோட்டாரைக் கவிழ்த்தால் சுற்றும் திசையும் கவிழும். கடிகாரத்தைப் பின்பக்கமிருந்து பார்த்த மாதிரி. இதை அவரே பலகையில் படம் போட்டு வருஷா வருஷம் சொல்லியிருக்கிறார். சரி, இரண்டு ஒயரை இடம் மாற்றினால் தீர்ந்தது. மோட்டார் பக்கம் மாற்ற வேண்டுமென்றால் குனிய வேண்டும், தோள் வலிக்கும். சுவிட்ச் பக்கம் என்றால் மூக்குக்கு நேரே இருக்கிறது. சுவிட்ச் பக்கமே மாற்றினார். வலது என்றால் வலது, இடது என்றால் இடது. கச்சிதம்.

காவல்காரர்களை மறுபடி சோதிக்கவில்லை. அடுப்படியில் தேறியது வாசலில் தேறாதா என்ன? பிள்ளைகளின் நோட்டில் "இடம் மாறினால் மறுபடி சோதி" என்று சிவப்பு மையில் எழுதி எழுதியே விரல் காய்த்த மனுஷன் அவர்.

பத்து மணிக்கு வெளியே வந்தார். வலப்பக்கம் பனிக்குவியல் ஏற்கெனவே ஜன்னல் உயரம். அதனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே தெருவோரத்தில் இருந்த காலி இடத்தைக் குறிவைத்து இடது பொத்தானை அமுக்கினார். குழாய் மெல்லத் திரும்பியது. விரலை எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? காவல்காரன் இருக்கிறானே.

காவல்காரன் கும்பிடு போட்டு வழிவிட்டான்.

குழாய் எல்லையைத் தாண்டித் திரும்பியது. அந்த நேரம் பார்த்து வெர்னா செய்தித்தாளை எடுக்கக் கதவைத் திறந்தாள். பத்தடி தூரத்திலிருந்து ஒரு வெள்ளைப் பீச்சல் அவளுடைய வாசல் படியில் தொடங்கி, மிதியடி, விறகு அடுக்கு, பறவைகளுக்குத் தீனி வைக்கும் கூண்டு என்று வரிசையாக அபிஷேகம் செய்துகொண்டே போயிற்று. வெர்னா கதவை அடித்துச் சாத்தினாள். ரோட்னி பதறிப்போய் வலது பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. விட்டுவிட்டு அமுக்கினார். அசையவில்லை. சரி, எது வேலை செய்கிறதோ அதையாவது அமுக்குவோம் என்று புத்தி கெட்டு இடதை அமுக்கினார். அது வேலை செய்தது. குழாய் முழுசாகத் திரும்பி அவர் முகத்துக்கு நேராக நின்றது.

பிடியை விட்டால் மெஷின் நின்றுவிடும். ஆனால் பயந்தவன் கை விடாது, இறுகும். நாலைந்து விநாடி, தன் வாசலின் பனியைத் தன் மூஞ்சியிலேயே வாங்கிக்கொண்டு நின்றார். பிறகுதான் விரல் தளர்ந்தது. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. ரோட்னிக்குப் பெரிய மீசை, அதில் ஒட்டாத இடமே இல்லை.

வெர்னாவின் கதவு மெல்லத் திறந்தது.

"பேப்பர்க்காரன் வரலியேன்னு பாத்தேன்," என்றாள். "நீ பனியையே மொத்தமா அனுப்பி வெச்சிட்ட."

ரோட்னி முழங்காலளவு பனியை மிதித்துக்கொண்டு அவள் படிக்கட்டு வரை போனார். "வெர்னா, மன்னிச்சிருங்க. அடி ஒண்ணும் படலியே?"

"படல. ஆமா, இது நகராட்சி வண்டி வேலையா இருக்குமோ?"

அவர் கண்ணிமையில் இருந்த பனி உருகி இறங்கியது. பேசாமல் போய்விடலாம்போல இருந்தது. ஆனால் மூஞ்சி முழுக்கப் பனியோடு நிற்கிறவனுக்கு இனிமேல் காப்பாற்ற என்ன கௌரவம் மிச்சம்?

"இல்ல. இது நான். அந்தக் கண்ணாடியும் நான்தான்."

"தெரியும். அன்னிக்கு நகராட்சி வண்டி நம்ம தெருவுக்கே வரல." பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நாலு வருஷமா நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சரி, மெஷினுக்கு என்ன கேடு?"

"அதெல்லாம் கொஞ்சம் சிக்கலான ஒயரிங், வெர்னா."

"அப்படியா?" என்றபடி அவரைத் தாண்டி நடந்தாள்.

கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே போனாள். மோட்டார் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தாள். சுவிட்சின் முதுகைப் பார்த்தாள்.

"திசை மாறிப்போச்சுன்னு ஒயர எந்தப் பக்கம் மாத்துன?"

"சுவிட்ச் பக்..." என்று ஆரம்பித்தவருக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது. பொத்தானை மட்டும் ஏமாற்றியிருக்கிறார். காவல்காரர்கள் பாவம், பழைய திசைக்கே காவல் நின்றிருக்கிறார்கள். இடது முனையில் இருந்தவன் இடப்பக்கம் போவதை விட்டுவிட்டு, திரும்பி வருகிற வழியை அடைத்துவிட்டான். காது நுனி சூடாகியது, அந்தக் குளிரிலும்.

"மோட்டார் பக்கம் மாத்தணும்," என்றார் மெதுவாக.

"மோட்டார் பக்கம் மாத்தணும்," என்றாள் வெர்னாவும். "சுவிட்சுல உள்ளதப் பழையபடி போட்டுரு. முனையில இருக்கிற குட்டி சுவிட்சுக்கு அப்பால மாத்துனா எல்லாருக்கும் நியாயம்."

"உங்களுக்கு எப்படி...?"

"மில்வாக்கில ஒரு தொழிற்சாலையில பளுதூக்கி மெஷினுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒயர் பண்ணிட்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம்."

"பதினோரு வருஷமாப் பக்கத்து வீடு. சொல்லவே இல்லியே!"

"நீ எங்க கேட்ட? நீதான் சொல்லிக்கிட்டிருப்ப. ஒருதரம் ஃபியூஸ்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுத்த. நல்லாத்தான் எடுத்த."

ரோட்னி அந்தப் பாடத்தை நினைத்துப் பார்த்தார். கையில் ரொட்டித்துண்டை வைத்துப் படம் காட்டி விளக்கியது ஞாபகம் வந்ததும், நினைப்பதை நிறுத்திக்கொண்டார்.

வெர்னாவுக்குக் கை நடுக்கம், ஆனால் கண் கூர்மை. அவள் சொல்லச் சொல்ல அவர் கழற்றினார், மாட்டினார், குழாய் எல்லை மீறி இடித்ததில் வளைந்துபோன தகட்டைக் குறடால் நிமிர்த்தினார். இரண்டு முனையிலும் பத்துத்தடவை சோதிக்கச் சொன்னாள். ஏழாவது தடவையோடு நிறுத்தப் பார்த்தார்.

"இன்னும் மூணு," என்றாள். அவரும் பள்ளிக்கூடத்தில் அதே குரலில்தான் சொல்வார்.

முதலில் வெர்னாவின் வாசலைச் சுத்தம் செய்தார். படிக்கட்டை மண்வாரியால் இடது கையில் சுரண்டி, பறவைக் கூண்டைத் துடைத்து, தீனியும் போட்டார். புதுக் கண்ணாடி அடுத்த வாரம் போடுவதாகச் சொன்னார். "அளவ நானே எடுத்துத் தர்றேன்," என்றாள் அவள். அப்புறம்தான் தன் வாசலுக்கு வந்தார். கடைசி நடை முடியும்போது மணி பன்னிரண்டரை. கார் வந்து நின்றது.

ஐலி கண்ணாடியை இறக்கி முதலில் கணவனைப் பார்த்தாள், அப்புறம் அவர் பக்கத்தில் நிற்கிற வெர்னாவைப் பார்த்தாள், அப்புறம் இரண்டு வாசலையும் பார்த்தாள்.

"மூணு நாள்தானே இல்ல. என்ன ஆச்சு இங்க?"

வெர்னா சொல்வதற்குள் ரோட்னியே சொல்லத் தொடங்கினார். எதையும் மறைக்கவில்லை. சுவிட்ச் பக்கம் மாற்றியது, பேப்பர் எடுக்க வந்தவளுக்கு அபிஷேகம் செய்தது, தானே தன் மூஞ்சியில் வாங்கிக்கொண்டு நின்றது, கண்ணாடி, நகராட்சி வண்டி, எல்லாம். ஐலி கட்டுப்போட்ட முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போதும்டா, தையல் இழுக்குது! இரு, ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில சும்மா படுத்திருக்கப்ப தோணுச்சு. உனக்கு வலி வலது தோள்லதானே?"

"ஆமா."

"கைப்பிடிய இடது கையால சுத்தியிருக்கலாமே?"

ரோட்னி வாயைத் திறந்தார். கைப்பிடி இறுகல், நிற்கிற கோணம், அது இது என்று நாலைந்து நல்ல காரணங்கள் வரிசையில் வந்து நின்றன. வெர்னாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோணல," என்றார்.

"எனக்கும்தான் தோணல," என்றாள் வெர்னா. "ஒயரப் பாத்ததும் மத்ததெல்லாம் மறந்துபோச்சு."

"நல்ல ஜோடி," என்றாள் ஐலி. "சரி, அந்த நடைவண்டிய எடு. அதுலயும் மோட்டார் வெச்சிராத."

ரோட்னி காரின் பின்பக்கத்திலிருந்து நடைவண்டியை இறக்கி விரித்து வைத்தார். சக்கரத்தை ஒருதரம் உற்றுப் பார்த்தார். ஐலி அதைக் கவனித்துவிட்டாள் என்று தெரிந்ததும் பார்வையை எடுத்துக்கொண்டார்.