விரல் படாத வெள்ளி

கண்டக்டர் வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்த பதினெட்டு வெள்ளி நாணயங்களையும் நாணயக்கடைத் தராசில் ஒன்றாக வைத்தபோது, எடை பூஜ்யம் என்று காட்டியது. அன்றைக்கு வெள்ளி முந்தின நாளைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விலை சரிந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று பிற்பாடு சிலர் கிளப்பிவிட்டார்கள். அதெல்லாம் சும்மா. கடைக்காரர் தராசை அணைத்துப் போட்டுப் பார்த்தார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பார்த்தார், அது இருபத்தாறு கிராம் என்று ஒழுங்காகக் காட்டியது. பிறகு ஒவ்வொரு நாணயத்தையும் உருப்பெருக்கியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொருள் சுத்தம் சார், எடைதான் இல்ல" என்றார். அதே வாரத்தில் கண்டக்டரின் மகள் பள்ளிக்கூடத்து எடை மெஷினில் இருபத்து நான்கு கிலோ இருந்தாள், அதாவது அவள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டியதில் சரிபாதி. இரண்டும் ஒரே விஷயம்தான் என்று கண்டக்டருக்குத் தெரியவர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவர் ஓடுகிற பஸ்ஸில் காலையிலிருந்து மாலை வரை சில்லறை வாங்கிச் சில்லறை கொடுக்கிற மனிதர். ஊர்க் காசின் கறுப்பெல்லாம் அவர் விரல்நுனியில்தான் வந்து தங்கியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கை கழுவுவது. சோப்பு, எலுமிச்சைத் தோல், மண்ணெண்ணெய், மனைவியின் தையல் மெஷின் எண்ணெய் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு ஒரு சுற்று வெளுக்குமே தவிரப் போகாது. அதனால் மீதிச் சில்லறை கொடுக்கும்போது பயணியின் உள்ளங்கையில் விரல் படாமல், ஒரு அங்குல உயரத்திலிருந்து காசை மட்டும் விழவிடுவார். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஆசை தீரப் பார்த்தார். கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். அந்தக் கழுவல் பதினேழு வருஷம் நீடித்தது. பெற்ற பிள்ளையைக் கை கழுவியவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. பாவம், கழுவிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வழியில்தான் நாணயக்கடைக்குள் நுழைந்தார். ஒவ்வொரு வருஷமும் அரசாங்கம் வெளியிடுகிற ஒரு அவுன்ஸ் வெள்ளி அது, முப்பத்தொரு கிராம் சொச்சம். ஒரு பக்கம் நாரை. அந்த நாரை ஒரு வருஷம் நிற்கும், ஒரு வருஷம் பறக்கும், ஒரு வருஷம் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும். மறுபக்கம் மதிப்பு ஒன்று என்று பொறித்திருக்கும், வாங்குவதற்கோ ஒரு வாரச் சம்பளம் வேண்டும். ஒரு வருஷம்கூட விடாமல் வரிசையாகச் சேர்த்தால் வெள்ளியின் விலைக்கு மேல் இரண்டு பங்கு கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அவர் நாணயம் விற்பவர், நாணயமான மனிதரும்தான், அதனால் நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார். நாணயத்தை அதன் வட்டப் பிளாஸ்டிக் டப்பியிலிருந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் வெள்ளைக் கையுறை போட வேண்டும், வெறும் விரல் பட்டால் ரேகை விழுந்துவிடும், ரேகை விழுந்தால் பிறகு உருக்குகிற விலைதான். கண்டக்டருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு பொருளைப் பிடித்திருந்தால் அதைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதை உலகத்தில் இன்னொருவரும் புரிந்துவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அப்படியே வருஷங்கள் போயின. பிறந்தநாளுக்கு ஒரு நாரை வந்தது. பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார், மகளைக் கண்ணும் கருத்துமாக எட்ட நின்று வளர்த்தார். அவள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு ஓடினாராம், தெருவே பார்த்தது, ஆனால் பிடிக்கவில்லை. பஸ்ஸில் யாராவது பெண்பிள்ளை பெற்றவரா என்று அனுதாபமாகக் கேட்டால், "எம் பொண்ணு எனக்கு ஒரு பாரமே இல்ல சார்" என்பார். வருஷத்துக்கு இருநூறு தடவையாவது சொல்லியிருப்பார். பெட்டி லேசாகிக்கொண்டே வருவது அவருக்கும் தெரிந்ததுதான். தூக்கித் தூக்கிப் பழகிவிட்டது என்று விட்டுவிட்டார்.

அவர் மனைவி தையல்காரி. அளவெடுக்கிறவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மகளுக்கு ஐந்து வயதில் சந்தேகம் வந்தது, ஏழு வயதில் உறுதியாயிற்று. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாக வளர்ந்தாள், எடை மட்டும் பாதிதான் ஏறியது. காற்றடித்தால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். தையல்காரி யாரிடமும் மூச்சுவிடாமல், பாவாடை ஓரத்தை மடித்துத் தைக்கும்போது நூல் சுற்றுகிற பழைய பாபின்கள், உடைந்த கத்தரிக்கோல் துண்டுகள், இரும்பு வளையங்கள் எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் தைத்துவிடுவாள். பத்தாம் வகுப்பில் நான்கு நாள் பள்ளிச் சுற்றுலா போனாள். இரண்டாம் நாளே அந்தப் பாதி எடையும் கரைந்துவிட்டது. சிநேகிதிகள் துப்பட்டாவால் அவளைப் பஸ் சீட்டோடு கட்டிக் கூட்டிவந்தார்கள். அன்றைக்குத் தையல்காரி மகளை மடியில் போட்டு, தலையைக் கோதி, பழையபடி பாதி எடைக்குக் கொண்டுவந்தாள். அப்போதுதான் அவளுக்குக் கணக்குப் புரிந்தது. பெண்ணிடம் இருப்பது அம்மா தொட்ட பங்கு. மற்ற பங்கு வந்து சேரவே இல்லை.

அந்தப் பெண்ணோ கப்பல் இன்ஜின் படிப்புக்கு எழுதிப் போட்டு இடமும் வாங்கிவிட்டாள். காற்றடிக்கிற ஊராகப் பார்த்துத்தான் போவேன் என்றால் யார் என்ன செய்வது! அம்மாவை விட்டு நான்கு வருஷம், அதுவும் கடற்கரையில். தையல்காரி இன்னும் நான்கு பாவாடைகளுக்கு ஓரம் மடித்தாள். கண்டக்டருக்கு அதெல்லாம் தெரியாது. கட்டணம் கட்டும் நேரம் வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

அங்கே நடந்ததை முதலிலேயே சொல்லியாயிற்று. போன மாதம் வாங்கிய நாணயத்துக்குக்கூட எடை இல்லை, மற்றவற்றின் சகவாசமோ என்னவோ. கடைக்காரர் கையுறைக் கையால் முதல் வருஷத்து நாணயத்தைத் தூக்கிப் பிடித்து யோசித்துக்கொண்டிருந்தபோது, மின்விசிறிக் காற்றில் அது நழுவிக் கதவுப் பக்கமாக மிதந்து போயிற்று. கண்டக்டர் எதையும் யோசிக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கைதவறிய காசைப் பிடிக்கிற பழக்கத்தில் வெறும் கையால் லபக்கென்று பிடித்துவிட்டார். நாரையின் மேல் அவருடைய கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கண்டக்டரின் கை தாழ்ந்தது, உள்ளங்கையில் ஏதோ உட்கார்ந்ததுபோல. தராசில் வைத்தார்கள். முப்பத்தொரு கிராம் சொச்சம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பதினெட்டும் எடைக்கு வந்தன. கடைக்காரர் அழாத குறையாக, உருக்குகிற விலைக்குத்தான் எடுக்க முடியும் என்றார். பதினேழைக் கொடுத்துவிட்டு, மகள் பிறந்த வருஷத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பை இழுத்துக்கொண்டு தொங்கியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதிசயத்தைச் சொன்னார். பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், தொட்ட பிறகுதான் எடையே வந்தது என்றார். தையல்காரி மெஷினை நிறுத்தினாள். உள்ளே போய் மகளுடைய பாவாடை ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் மேஜையில் போட்டாள். அது தொப்பென்று விழுந்தது. ஓரத்தைப் பிரித்து, பாபின்களையும் இரும்பு வளையங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பள்ளிக்கூடத்து எடைச் சீட்டையும் வைத்தாள், எடை பார்த்த அன்று இரும்பில்லாத பாவாடையைத்தான் உடுத்தி அனுப்பியிருந்தாள்.

"பொண்ணையும் அப்படித்தான் பொத்திப் பொத்தி வளத்தேன்னு சொல்வீங்க. பொத்தணும்னா கை வேணும்ல?"

கண்டக்டர் சீட்டைப் படித்தார், மறுபடி படித்தார். பிள்ளையின் மேல் தனக்கு எவ்வளவு ஆசை என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. மகள் அடுத்த அறையில் ஜன்னலோரம், மேஜைக் காலைப் பாதத்தால் கொக்கிபோட்டுப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசல் வரை போனார். பிறகு பழக்கதோஷம், திரும்பிக் குழாயடிக்குப் போய்ச் சோப்பை எடுத்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து அவள் சொன்னாள்:

"கழுவ வேணாம்பா. அப்படியே வாங்க."

அவர் ஈரமும் கறுப்புமாக இருந்த கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்காலி கிறீச்சென்றது. மேஜை விரிப்பு, புத்தகம், ஜன்னல் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, அவள் மட்டும் இன்னும் கொஞ்சம் நன்றாக உட்கார்ந்தாள். அப்பா அழுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்து அவரைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை, ஏனென்றால் உடுத்தியிருந்த பாவாடையின் ஓரத்தில் ஆறு கிலோ இரும்பு இருந்தது. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தையல்காரி தரையில் உட்கார்ந்து தையலைப் பிரிக்கப் பிரிக்க, பாபின்கள் அறை முழுக்க உருண்டன. அன்று சாயங்காலம் பஸ் டிப்போவின் பார்சல் தராசில் அவள் நாற்பத்தெட்டு கிலோ இருந்தாள். மணிக்கட்டில் பதிந்த கட்டைவிரல் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகவில்லை, அவளும் பெரிதாகத் தேய்க்கவில்லை.

பணம் முதல் வருஷக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. மற்ற வருஷங்களுக்குத் தையல் மெஷினும் பஸ்ஸும் இருக்கின்றன என்று விட்டுவிட்டார்கள். ஊருக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷன் வரை அப்பாவின் பஸ்ஸிலேயே போனாள். அவர் டிக்கெட் கிழித்தார், அவள் நோட்டை நீட்டினாள். மீதிச் சில்லறையோடு அவள் பிறந்த வருஷத்து நாரையையும் சேர்த்துக் கொடுத்தார். அரசாங்கம் அதில் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது, அதனால் கணக்கு இடிக்கவில்லை. உயரத்திலிருந்து விழவிடாமல், அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். அடுத்த நிறுத்தம் வரும்வரை அந்தக் கையை விடவில்லை. இரண்டு பயணிகள் டிக்கெட் எடுக்காமலே இறங்கிப்போனார்கள்.

கடற்கரை ஊரில் காற்று பலம்தான். அவள் காலூன்றி நிற்பதாகக் கடிதம் வருகிறது. போன வாரம்கூட ஒரு பயணி பழைய நினைப்பில், பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"நல்ல பாரம் சார்" என்றார் கண்டக்டர், முகமெல்லாம் பெருமையாக.

கேட்டவர் தலையாட்டிவிட்டு, மீதிச் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விரலில் ஒட்டிய கறுப்பைச் சட்டையில் துடைத்தார்.