ஜூடியும் அங்கே இருந்தாள்

அம்புரோஸின் இதயம் நான்கு நிமிடம் நின்றிருந்தது. டாக்டர் அப்படித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். செத்த பிறகு எங்கே போனேன் என்று மனைவியிடம் சொன்னார்.

கடல். துறைமுகச் சுவர் இருந்தது. கப்பல் இல்லை, கிரேன் இல்லை. தண்ணீரில் எண்ணெய் இல்லை. அடியில் கிடந்த கற்கள் தெரிந்தன. வெயில் இல்லாமல் வெளிச்சம் இருந்தது. கரையில் ஆட்கள் நின்றார்கள். அப்பா, அம்மா, படகு கவிழ்ந்து செத்துப்போன கூட்டாளி மொஹ்சின். அவர்களுக்கு முன்னால் ஒரு இளைஞன். அவனை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் யாரென்று தெரிந்தது.

"ஜோ," என்றார். "நம்ம ஜோ."

சிலுவையம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து ஆறு மணி நேரம் உயிரோடு இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க ஆள் வருவதற்குள் போய்விட்டது. பெயர் வைக்காமல் புதைத்தார்கள். தண்ணீர் ஊற்றாத பிள்ளை கடவுளின் முகத்தைப் பார்க்காது என்று அன்று வந்த உபதேசியார் சொன்னார். பின்னால் வந்த சாமியார்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. திருச்சபை அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது, நம்பிக்கையோடு இருங்கள் என்றார்கள். நம்பிக்கை அவளுக்குப் போதவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஜோ என்ற பெயரை அவள் மனதுக்குள் வைத்திருந்தாள். ஒருவரிடமும் சொன்னதில்லை. கணவனிடமும்.

"பேரு யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. தெரிஞ்சிது."

அவள் அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். பிறகு, மறந்துபோனதைச் சேர்த்துக்கொள்வதுபோல் சொன்னார்.

"ஜூடியும் இருந்தா. எங் கையப் புடிச்சிகினு. அந்த நீலக் கலர் டூட்டி டிரெஸ்ஸு. கால்ல ஒண்ணும் இல்ல."

*

செய்தி தெருவுக்குள் போயிற்று. கோயில் ஜெபக் குழுவான மரியாயின் சேனைப் பெண்கள் ஐந்து பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். இயேசுவைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். வெளிச்சத்தைப் பார்த்தேன் என்றார் அம்புரோஸ். கையில் காயம் இருந்ததா என்று ஒருத்தி கேட்டாள். வெளிச்சத்துக்கு ஏதும்மா கை என்றார். அவர்களுக்குத் திருப்தியில்லை. மொஹ்சின் பாய் எப்படி அங்கே வந்தார் என்றும் கேட்டார்கள்.

"நீந்தி வந்துருப்பான்," என்றார். "கேட்டுக்கல."

ஜூடியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சிலுவையம்மாள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அவர் திறக்கவில்லை. பெண்கள் போன பிறகு அவள் பாயைச் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே கணக்குப் பார்த்தாள். கரையில் நின்றவர்கள் எல்லாரும் இறந்தவர்கள். ஒருத்தியைத் தவிர.

ஜோ அங்கே இருக்கிறான் என்றால் ஜூடியும் அங்கே இருக்கிறாள்.

மகள் ஜூடிக்கு இருபத்துமூன்று வயது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. வரும் பெட்டிகளில் எங்கே ஓட்டை, எங்கே நசுங்கல் என்று பார்த்துக் குறிக்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் ஸ்கூட்டரில் போவாள். இரண்டு பக்கமும் டிரெய்லர்கள். ஒரு டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரம் எங்கே வருமென்று ஓட்டுபவனுக்கே தெரியாது. அம்புரோஸ்தான் அதைச் சொல்லியிருந்தார். காட்டுப்பள்ளியில் கப்பல்மேல் பெட்டிகளை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலையில் இருந்தவர். அவருக்குத் தெரியும்.

சிலுவையம்மாள் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். ஜூடி ஷேர் ஆட்டோவில் போனாள். மறுநாள் சிலுவையம்மாள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். ஜூடி லீவு போட்டாள். அதற்கு மறுநாளும் வலித்தது.

மதியத்தில் ஜூடி தூங்கினாள். சிலுவையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சவப்பெட்டியில் வைக்கும்போது யாருக்கும் செருப்பு போடுவதில்லை. அவள் போர்வையை இழுத்துப் பாதங்களை மூடினாள்.

ஜூடி கண்ணைத் திறந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்பாவே சொல்லிவிட்டார்.

"செத்தவங்க லிஸ்டுல என்னையும் சேத்துட்டீங்களா ரெண்டு பேரும்? நாளைக்கு நான் டூட்டிக்குப் போவணும். சாவியக் குடு."

"காணோம்."

"அரிசியில கீது. நேத்து சோறு வடிக்கும்போதே பாத்தேன்."

பார்த்தும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை ஆட்டோவில்தான் போனாள்.

அம்புரோஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அவருக்கு எதைக் கண்டும் பயமில்லை. மாத்திரையைக்கூட நினைவுபடுத்தினால்தான் போட்டுக்கொண்டார். சிலுவையம்மாள் அவர் முன்னால் நின்றாள்.

"ஜூடிக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆனா இன்னா," என்றார். "நல்ல எடம்மே அது. நான் பாத்துட்டு வந்தேன்ல."

முகத்தில் சிரிப்பு இருந்தது. முப்பது வருடம் உடன் வாழ்ந்த மனிதரைப் பார்த்து அவள் முதல் முறையாகப் பயந்தாள்.

*

பங்குத் தந்தை இளைஞர். தூத்துக்குடிப் பக்கம். சிலுவையம்மாளைவிட இருபது வயது சின்னவர். எல்லாவற்றையும் கேட்டார். இப்படிப்பட்ட காட்சிகளை நம்பியே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை என்றார். சிலருக்குத் திருச்சபை சொல்வதுபோல் தெரிகிறது, சிலருக்கு வேறு மாதிரித் தெரிகிறது, நம் விசுவாசம் அதன்மேல் நிற்கவில்லை என்றார். லாசர் நான்கு நாள் கல்லறையில் கிடந்து எழுந்து வந்தவர், உள்ளே என்ன பார்த்தார் என்று நற்செய்தியில் ஒரு வரி இல்லை என்றார்.

சொல்லாமல் இருந்ததே நல்லது என்றாள் அவள். லாசரின் அக்காள் தங்கைகளுக்காவது நிம்மதி.

அவர் சிரிக்கவில்லை. அவள் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"ஜோ இருந்தான்றத மட்டும் நம்பிட்டு, ஜூடிய வுட்டுடலாமா ஃபாதர்?"

அவர் மேசைமேல் இருந்த முத்திரைக் கட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"சொன்னது ஒரே வாய்தானம்மா. எடுத்தா ரெண்டையும் எடுக்கணும். விட்டா ரெண்டையும் விடணும்."

"ரெண்டையும் வுட்டா எம் புள்ள எங்க கீறான்?"

"கடவுள் கையில. அதுக்குமேல எனக்குத் தெரியாது."

வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. ஒரு சாமியார் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. நடந்தாள். ஒவ்வொரு ஹார்ன் சத்தத்துக்கும் நின்றாள். ஜோவை விட்டுவிட அவளால் முடியவில்லை. பெயரைச் சொன்னாரே. அவள் மட்டும் அறிந்த பெயரை.

*

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனார்கள். அம்புரோஸ் டாக்டரைப் பார்க்கும் வரிசையில் உட்கார்ந்தார். சிலுவையம்மாள் ஒரு பையில் ஆப்பிளோடு மாடிக்கு ஏறினாள். நின்றுபோன நெஞ்சை அழுத்தி மீட்டது உமைமா என்ற நர்ஸ். அவளுக்குக் கொடுக்கத்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. ரப்பர் செருப்புகள், ஷூக்கள், ஒரு குழந்தையின் சின்னச் செருப்பு. சிலுவையம்மாள் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கால்களைப் பார்த்தாள். அவளும் கழற்றியிருந்தாள். எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை.

உமைமா வெளியே வந்தாள். ஆப்பிளை வேண்டாம் என்றாள், பிறகு வாங்கிக்கொண்டாள். அம்புரோஸை விசாரித்தாள். மகளை விசாரித்தாள்.

"உங்க பொண்ண மறக்க முடியுமா? வேலை டிரெஸ்ஸோட, அந்தப் பெரிய ஷூவோட உள்ள ஓடி வந்துட்டா. ஷூவக் கழட்டும்மா, ஷூவக் கழட்டுன்னு நான்தான் கத்துனேன். அப்பா கையப் புடிச்சவ விடவே இல்ல."

"அவுருக்கு அதெல்லாம் கேட்டுருக்குமா?"

"ரெண்டு நாள் மயக்கத்துல இருந்தாரு. நடுநடுவுல கண்ணத் தொறப்பாரு. சில பேருக்குக் காது கேக்கும். அதனாலதான் பேசுங்கன்னு சொல்லுவோம்."

"நாலு நிமிசத்துல பாத்ததுன்றாரு."

"மயக்கத்துல மணி பாக்க முடியுமாம்மா?"

சிலுவையம்மாள் சுவரில் கை வைத்தாள். நீலச் சட்டை. வெறும் கால். பிடித்த கை. எல்லாம் இந்தக் கதவுக்குப் பின்னால் நடந்தவை. ஜூடி எந்தக் கரையிலும் நிற்கவில்லை. ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். சிலுவையம்மாளின் நெஞ்சுக்குள் மூச்சு முழுசாக இறங்கியது. பன்னிரண்டு நாளில் முதல் முறை.

"நீங்க மட்டும் என்னவாம்," என்றாள் உமைமா. "அவரு காதுலயே வாய வச்சிட்டு இருந்தீங்க. ஜோ, ஜோன்னு. ஜோவப் பாத்தா என்னைய மன்னிச்சிடச் சொல்லுன்னு. அது யாரும்மா, பையனா?"

அந்த இரண்டு நாளில் அவளுக்கு நினைவிருந்தது கையில் இருந்த ஜெபமாலை மட்டும். ஜெபம்தான் சொன்னோம் என்று எண்ணியிருந்தாள்.

"ஆமா," என்றாள். "பையன்."

படியில் உட்கார்ந்தாள். கீழே டோக்கன் எண்களைக் கூப்பிட்டார்கள். பெயரை அவருக்குக் கொடுத்தது அவள். அவர் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஜோ இருபத்தாறு வருடமாக எங்கே இருந்தானோ அங்கேயே இருந்தான். நான்கு நிமிடத்தில் அவர் எதையும் பார்க்கவில்லை என்றால் அங்கே என்ன இருந்தது என்ற எண்ணம் வந்தது. அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

அம்புரோஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அரிசிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துத் துடைத்து, ஜூடியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

*

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. பங்கு அலுவலகத்தில் பூசையில் வாசிக்க இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலுவையம்மாள் வரிசையில் நின்றாள். மோட்சத்தில் இருப்பவர்களுக்கு யாரும் பூசை வைப்பதில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்குத்தான் வைப்பார்கள்.

ஜோ என்று சொன்னாள். முழுப் பெயர் கேட்டார்கள். அவ்வளவுதான் என்றாள்.

நவம்பர் இரண்டாம் தேதி மாலை கோயில் நிரம்பியிருந்தது. படிகளில் செருப்புகள் கிடந்தன. அம்புரோஸ் தூணுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிலுவையம்மாள் அருகில் நின்றாள். ஜூடி இன்னும் வரவில்லை. ஐந்து மணிக்கு வேலை முடிகிறது, நேரே கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஐந்தே முக்கால்.

பெயர்களை வாசித்தார்கள். நீண்ட பட்டியல். சிலுவையம்மாள் வெளியே வரும் வண்டிச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

"ஜோ," என்று மைக்கில் வந்தது.

அம்புரோஸ் நிமிர்ந்தார்.

"அவன் அங்க கீறான்," என்றார். "அவனுக்கு எதுக்குப் பூசைமே?"

அவள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய கை நாற்காலியின் விளிம்பைத் தேடிப் பிடித்தது. நெஞ்சு வலி வந்த அன்று இருந்த கண்கள் அவருக்குத் திரும்பியிருந்தன.

"சிலுவை. நான் பாத்தேன்மே."

அப்போது ஜூடி வந்தாள். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நீல உடுப்போடு வந்தாள். ஷூவைப் படியில் விட்டிருந்தாள். மூச்சு வாங்கியது. அப்பாவின் முகத்தைப் பார்த்துக் குனிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்புரோஸ் மகளின் கால்களைப் பார்த்தார்.

"இப்பிடித்தான்," என்றார். "இதே மாதிரிதான் நின்னுகினு இருந்தா."

சிலுவையம்மாளுக்குத் தெரியும். கட்டில், கதவு, உமைமா கத்தியது, எல்லாம் தெரியும். ஆனாலும் மகளின் மற்றொரு கையை இறுகப் பிடித்தாள். அது குளிர்ந்திருந்தது. வண்டி ஓட்டி வந்த கை, அப்படித்தான் இருக்கும். மைக்கில் அடுத்த பெயர் வந்தது. அது யாருடையது என்று தெளிவாகக் கேட்டு முடிக்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.